தாய்க்கும் ஒரு பை

முதல் பிரசவத்துக்குக் கட்டிய பையில் பாதிக்கு மேல் குழந்தையின் சாமான்கள். எனக்கு இரண்டு நைட்டி, பாவாடை, அவ்வளவுதான். சிசேரியனுக்குப் பிறகு அந்தப் பாவாடை நாடா தையல்மேல் உராய்ந்து உயிரை வாங்கியது.

இரண்டாவது முறை எனக்கென்று தனிப்பை. முன்பக்கம் ஜிப் வைத்த தொளதொள நைட்டிகள், தொப்புளுக்கு மேல் ஏறும் பருத்தி உள்ளாடை, பெரியவர்களுக்கான டயப்பர். முதல் சில நாள்களின் உதிரப்போக்குக்குச் சாதாரண நாப்கின் போதவே போதாது. (பெரிய நாப்கினே ஒரு மணி நேரத்துக்குள் முழுதும் நனைந்தால் உடனே நர்ஸிடம் சொல்லவேண்டும்.) இருமும்போது தையல்மேல் அணைத்துக்கொள்ளச் சிறு தலையணை, படுத்தபடி நீர் குடிக்க வளையும் ஸ்ட்ரா.

எது எங்கே இருக்கிறது என்று கணவருக்கு முன்பே காட்டிவிட்டேன். இல்லையென்றால் அதற்கும் கட்டிலிலிருந்து நான்தான் குரல் கொடுக்கவேண்டும்.