டை-காஸ்ட் ரோபோவின் கை தொங்குகிறதா? ஃபெவிகால் போதும்

உருமாறும் டை-காஸ்ட் ரோபோ பொம்மையின் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்த பாகங்கள் கொண்டது) தோளோ இடுப்போ தளர்ந்து தொங்கினால், அந்தப் பந்து மூட்டை, அதாவது குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டைக் கழற்றி, பந்தின் மேல் வெள்ளை ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவுங்கள். பசை வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆன பிறகும் ஓர் இரவு விட்டுவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ரோபோக்களில் உலோகம் என்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. பொம்மைகளில் வழக்கமாக வரும் கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிட, அதே அளவுக்குச் சுமார் 6 மடங்கு எடை. அந்தப் பாரத்தைத் தாங்குவது பந்துக்கும் குழிக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டும்தான். திருப்பித் திருப்பி உருமாற்றும்போது பந்தும் குழியும் தேய்ந்து அந்த உராய்வு குறைகிறது. காய்ந்த பசைப் படலம் பந்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பிடிப்பைத் திரும்பக் கொடுக்கும். பிடிக்கவில்லை என்றால் நகத்தால் உரித்துவிடலாம். சூப்பர் குளூவும் சிலர் போடுவார்கள்; ஆனால் அதன் ஆவி பக்கத்துப் பெயின்ட்டில் வெள்ளையாகப் படியும். விலை கொடுத்து வாங்கிய பொம்மைக்கு அது வேண்டாம்.

திருப்பும்போது 'டக் டக்' என்று சொடுக்கும் ராட்செட் மூட்டுக்கு இது உதவாது, உள்ளே பசை போனால் அதிலுள்ள சக்கரத்தின் பல் அடைத்துக்கொள்ளும். திருகு வைத்த மூட்டு என்றால் முதலில் திருகை இறுக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.