லூனி டியூன்ஸ் வளையத்தை வீட்டிலேயே செய்வது எப்படி

வார்னர் பிரதர்ஸ் (டபிள்யூ பி) நிறுவனத்தின் கார்ட்டூன் தொடரான லூனி டியூன்ஸ் 1930இல் தொடங்கினாலும், வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரிய டபிள்யூ பி கேடயம் நம் முகத்துக்கு நேரே பாய்ந்து வருகிற அந்த லோகோ சில வருடம் கழித்துத்தான் வந்தது. செய்வது லேசு.

ஒரு பிரிஸ்டல் போர்ட் எடுத்து நடுவில் குண்டூசி குத்தி, அதில் நூல் கட்டி, மறுமுனையில் பென்சிலை முடிந்து இறுக்கிச் சுற்றுங்கள். அடுத்த வட்டத்துக்கு நூலைப் பென்சிலில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், தானாகக் குறையும். நிறம் உங்கள் இஷ்டம், அவர்களே பலமுறை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் நுவரெலியா மழைக்குப் பெயிண்ட் சீக்கிரம் காயாது, பக்கத்து வளையத்தோடு கலந்து சேறாகிவிடும், அதனால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூசுங்கள்.

அப்புறம் கேடயம். சிறிதிலிருந்து பெரிதாக 12 அட்டை வெட்டுங்கள், கடைசி நாலைந்தும் சடசடவென்று பெருக்க வேண்டும், பாய்ச்சலே அதில்தான். போனை அசையாமல் நிறுத்தி, அட்டைகளை ஒவ்வொன்றாக வளையங்களின் நடுவில் வைத்து அட்டைக்கு இரண்டு படம் எடுத்து, வரிசையாக வீடியோவாக ஓட்டினால், செக்கனுக்கு 24 பிரேம் கணக்கில் சரியாக ஒரு செக்கன். ஜன்னல் வெளிச்சம் வேண்டாம், மேகம் வந்து போக வீடியோ மினுங்கும். திரையை இழுத்துவிட்டு பல்ப் போடுங்கள்.