பழம்பொருள் சந்தையில் கவிழ்த்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

ஊருக்கு வெளியே, வயல்வெளியில் கூடும் பெரிய பழம்பொருள் சந்தைக்கு முதன்முறை போகிறவர்களிடம் தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு, சில்லறை என்று பட்டியல் போட்டுக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. அவற்றை மறந்தால் கால்தான் வலிக்கும். நான் எழுதுவது பணம் போகிற தவறுகளைப் பற்றி. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு சந்தையிலும் அதே இடத்தில் சறுக்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்கள் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

## மொத்தச் சந்தையும் ஒரே நேரத்தில் திறக்கும் என்று நினைப்பது

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிம்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1959 முதல் நடக்கும் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூலை, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சந்தை. உண்மையில் சாலையின் இருபுறமும் இருக்கும் பல வயல்களின் தொகுப்பு அது. வயலுக்கு வயல் திறக்கும் நாளும் நேரமும் மாறும். பெரிய கிராமச் சந்தைகளில் இது சகஜம். எந்தப் பகுதி எப்போது திறக்கிறது என்று முந்தைய நாளே குறித்துக்கொள்ளாவிட்டால், நல்ல சரக்கு வியாபாரிகளுக்குள்ளேயே கைமாறிய பிறகுதான் உள்ளே நுழைவீர்கள்.

## முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

அண்மையில் ஒரு சந்தையில் இளம் தம்பதி ஒருவர், கீழே இழுப்பறைப் பெட்டியும் மேலே கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரியுமாக இருந்த ஓர் உயரமான சாமானை வாங்கினார்கள். எதிரே நின்று போட்டோ எடுத்தார்கள். கதவை ஒருமுறை திறந்து மூடினார்கள். "எவ்வளவு பழசு?" என்று கேட்டார்கள். "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார் கடைக்காரர். பேரம் முடிந்து பணமும் கைமாறியது. வண்டியில் ஏற்றுவதற்காக மேல்பாதியைத் தூக்கியபோதுதான் கீழ்ப்பெட்டியின் தலைப்பலகை வெளியே தெரிந்தது. பளபளவென்று பாலிஷ் போட்ட பலகை. அதன் நடுவில், அலமாரி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, கோப்பை வைத்த வட்டக் கறைகள்.

அந்தப் பெட்டி ஒரு காலத்தில் தனியாக நின்றிருக்கிறது. அதன்மேல் யாரோ காப்பி வைத்துக் குடித்திருக்கிறார்கள். மேலே இருந்த அலமாரி வேறொரு வீட்டிலிருந்து வந்தது. சேர்த்தே செய்த சாமானாக இருந்தால், மேல்பாதி மறைக்கப்போகும் பலகைக்கு எந்தத் தச்சரும் அப்படிப் பாலிஷ் போட்டு உழைப்பை வீணாக்கியிருக்க மாட்டார். அதைச் சொரசொரப்பாகவே விட்டிருப்பார். அந்தத் தம்பதி கொடுத்ததோ ஒன்றாகப் பிறந்த ஜோடிக்கான விலை. ரசீதில் எழுதியிருந்தது "பழைய அலமாரி" என்று மட்டும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். முதலில் பின்பக்கம் போங்கள். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் முதுகுப் பலகைகள் ஒரே மரமா, ஒரே கனமா, ஒரே அளவுக்குக் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ரம்பத் தடங்களை விரலால் தடவுங்கள். கையால் அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் சற்று ஒழுங்கில்லாமலும் இருக்கும். வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. வட்ட ரம்பம் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். "1750-இல் செய்தது" என்று சொல்லப்படும் பெட்டியில் அந்த வளைவுகள் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

அடுத்து, எல்லா இழுப்பறைகளையும் முழுவதுமாக வெளியே எடுங்கள். மூலைகளில் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் டவ்டெயில் இணைப்பைப் பாருங்கள். கையால் வெட்டியவை ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடும். அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம் வெட்டியது. மேல் இழுப்பறையில் ஒருவிதம், கீழே வேறுவிதம் என்றால் சந்தேகப்படுங்கள். இழுப்பறையின் அடி விளிம்பு எங்கே தேய்ந்திருக்கிறதோ, அது ஓடும் சட்டமும் அதற்கு ஏற்றபடி தேய்ந்திருக்க வேண்டும்.

திருகுகளையும் விடாதீர்கள். கூட்டல் குறி வெட்டிய தலை 1930களில் வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பழுதுபார்த்ததாக இருக்கலாம், அது குற்றமில்லை. எல்லாமே அப்படி இருந்து, பக்கத்தில் பழைய ஓட்டை ஒன்றுகூட இல்லையென்றால் கதை வேறு. வட்ட மேசை வாங்குகிறவர்கள் டேப்பை எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் முழு மரப்பலகையில் செய்த பழைய மேசை மிகத் துல்லியமான வட்டமாக இருப்பது அரிது.

இதையெல்லாம் சொன்னால் பலர் சொல்லும் பதில், "அவர் முன்னாலேயே இழுத்துப் போட்டுப் பார்த்தால் தப்பா நினைப்பாரே." நினைக்க மாட்டார். சரக்கின் மேல் நம்பிக்கை உள்ள கடைக்காரர் தானே இழுப்பறையை உருவிக் கையில் கொடுப்பார், டார்ச்சும் அடித்துக் காட்டுவார். "அதையெல்லாம் எடுக்காதீங்க" என்று தடுப்பவரிடம் வாங்கியே ஆக வேண்டிய பொருள் எதுவும் இல்லை. வாங்கினால் மரம், காலம், எந்தெந்தப் பகுதி மாற்றியது என்பதையெல்லாம் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன நூறு வருஷம் பேனா பிடிக்கும்போது எத்தனை முறை ஐம்பதாகக் குறைந்திருக்கிறது!

## முத்திரை இருந்தால் வெள்ளி என்று நம்புவது

ஸ்பூனின் பின்னால் ஈ.பி.என்.எஸ். (EPNS) என்ற எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. ஸ்டெர்லிங் என்றால்தான் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. முள்கரண்டியின் நுனியையும், தட்டில் படும் முதுகையும் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான்.

பீங்கானின் அடியில் நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சட்டத்தால் 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் கட்டாயமானது. பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

## கதைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது

ஜமீன்தார் வீட்டுச் சாமான் என்றால் அதற்கும் காகிதம் கேளுங்கள்.

## வாங்கிய அன்றே தேய்த்துக் கழுவுவது

பித்தளை, வெண்கலம், நாணயம் எதுவானாலும் தேய்க்கும் பவுடரைத் தள்ளி வையுங்கள். காலத்தால் படிந்த அந்தப் பழுப்புத் தோலுக்குத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். போனால் திரும்ப வராது. மென்மையான துணியால் தூசி துடைத்தால் போதும்.

## தந்தம்

தொடாதீர்கள். பழசு என்றாலும் எல்லை தாண்டும்போது சிக்கல்.

## சந்தைச் சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளுவது

அந்த வட்டாரத்துப் பெண்கள் வீட்டில் செய்து கொண்டுவரும் பண்டங்கள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பெரிய வண்டிக் கடைகளில் எங்கும் கிடைப்பதுதான் மாலை வரை இருக்கும். காலைச் சுற்று முடிந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். எங்கே சாப்பிடலாம் என்று கடை போட்டிருப்பவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கேயே கிடக்கிறவர்கள் அவர்கள். கையில் எண்ணெயோடு பழைய காகிதம், படம், துணி இருக்கும் கடைக்குள் போகாதீர்கள்.

இன்னொன்று, இது உடம்பைப் பற்றியது. ஊறுகாயையும் பழக்கூழையும் வாங்கி, பக்கத்துக் கடையில் வாங்கிய பழைய வண்ணச் சாடியிலேயே கொட்டி வைக்கிறார்கள். பழைய மண்பாண்டப் பூச்சுகளில் காரீயம் இருக்கலாம். புளிப்பு அதைக் கரைத்து உணவில் இறக்கும். ஈயப் பூச்சு தேய்ந்த செம்புப் பாத்திரத்திலும் புளிப்பு ஆகாது. முன்பு செம்புக்கு ஈயம் என்று பூசியது வெள்ளீயம், அது தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சாடியின் பூச்சில் இருப்பதோ நஞ்சான காரீயம், அதற்கு அப்படி வழி கிடையாது. அந்தச் சாடியை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், ஊறுகாய் அது வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும்.