சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கட்டும்

திண்டுக்கல்லில் வீட்டிலேயே இட்லிப் பொடியும் சாம்பார்ப் பொடியும் அரைத்து விற்கிறேன். தெருவுக்குள் விற்றவரை யாரும் தாள் கேட்கவில்லை. 2023இல் ஒரு மளிகைக் கடைக்காரர், "பாக்கெட்டுல எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இல்லாம அலமாரியில வைக்க முடியாதும்மா" என்றார். அப்போதுதான் கிளம்பினேன். எடுக்க வேண்டியவை இரண்டு: தொழிலுக்கு உத்யம் என்னும் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு.

முதலில் உங்கள் ஆதாரில் யாருடைய மொபைல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் வீட்டுக்காரர் நம்பர். உத்யம் பதிவுக்கான ஓடிபி அவருக்குப் போகும், அவரோ லோடு ஏற்றிக்கொண்டு வெளியூரில். "அவர் பேர்லயே பதிஞ்சிடேன்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அரைப்பது நான், விற்பது நான், மனசு ஒப்பவில்லை. ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி என் நம்பரை மாற்றினேன். சில நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை, இதைச் செய்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

உத்யம் தளத்தின் முகவரி கவ்.இன் (gov.in) என்று முடியும். அங்கே பதிவுக்கு ஒரு பைசா கிடையாது. நான் விசாரித்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் 2,500 ரூபாய் கேட்டார்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்களும் உண்டு. பணம் கட்டும் பக்கம் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். என் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், புள்ளி இல்லாமல் இருக்கிறது. நான் வழக்கம்போல் முன்னால் போட்டுப் புள்ளி வைத்தேன். இரண்டு தடவை ஏற்கவில்லை. கார்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். பான் கார்டிலோ இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பான் கேட்கும் இடத்தில் அதில் உள்ளபடியே போடுங்கள்.

ஆவணம் எதையும் ஏற்ற வேண்டாம். பாங்க் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, முகவரி, மெஷினில் போட்ட பணம், வேலை ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். எந்தத் தொழில் என்பதைக் குறிக்கும் என்ஐசி எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மசாலா அரைப்புக்கு 10795, ஊறுகாய்க்கு 10306. நாளை ஊறுகாயும் போடுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கடைசியில் இன்னொரு ஓடிபி, பிறகு க்யூஆர் கோடுடன் சான்றிதழ். இதைப் புதுப்பிக்கும் வேலை இல்லை. நான் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கியபோது பாங்கில் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

உணவுப் பதிவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் தளம். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். நான் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 500 கட்டினேன். இன்றைய வரம்பையும் கட்டணத்தையும் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோவும் அடையாளச் சான்றும் கொடுத்தேன். ஆய்வுக்கு வந்தவர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மிளகாய் எங்கே காய்கிறது, அரைத்த பொடி மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மொட்டை மாடியில் வலை போட்டு மூடிக் காயவைத்திருந்தேன், திருப்தியாகத் தலையாட்டினார்.

கவர் அச்சடிக்க மட்டும் அவசரப்படாதீர்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் கைக்கு வரட்டும். அச்சகத்திலிருந்து மாதிரி அச்சு (ப்ரூஃப்) வந்ததும் ஒருவர் சான்றிதழைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் கவரில் விரல் வைத்துச் சரிபாருங்கள். எனக்கு வந்த முதல் ப்ரூஃபில் ஒரு சைபர் குறைந்திருந்தது.