சேற்றை எடை போட்டு மீத்தேனைக் கணக்கிடாதீர்கள்

கனடா, அலாஸ்கா, சைபீரியா பக்கம் உள்ள ஏரிகளின் அடிச்சேற்றில் இருந்து, பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் வெளியேறுகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். செய்தி சரிதான். அதை நாம் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறே பெரியது. சேற்றில் மக்குப் பொருள் அதிகம் என்றால் மீத்தேனும் அதிகம் என்று நேர்க்கணக்குப் போடுகிறோம். எவ்வளவு மக்கியது என்று கேட்டால் போதாது, எது மக்கியது என்றும் கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்தி 2018ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. ஏரிச் சேற்றில் ஒரு பங்கோடு இலையுதிர் மரச் சருகையும், இன்னொரு பங்கோடு ஊசியிலை மரச் சருகையும், மூன்றாவதோடு சம்புக் கோரையையும் கலந்து 150 நாள் விட்டுவைத்தார்கள். சம்பு கலந்த சேறு, ஊசியிலை கலந்ததைவிட 400 மடங்குக்கும் மேல் மீத்தேன் தந்தது. இலையுதிர் சருகு கலந்ததோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 2,800 மடங்கு!

காரணம் துவர்ப்பு. கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அதற்குக் காரணமான பாலிஃபீனால் வகைப் பொருள்கள் மரச் சருகில் நிறைய உண்டு. அவை சேற்றில் ஊறி இறங்கி மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கின்றன. அதனால் காட்டுச் சருகின் கார்பனில் பெரும்பகுதி சேற்றிலேயே தங்கிவிடுகிறது. சம்பு போன்ற நீர்த்தாவரம் மக்கும்போது அந்தத் தடை மிகக் குறைவு. (இந்த நுண்ணுயிர்களைப் பாக்டீரியா என்று எழுதுவதும் ஒரு தவறு. அவை ஆர்க்கியா, வேறு இனம்.)

சரி, 400 மடங்கு என்று கேட்டதும் ஏரியே 400 மடங்கு மீத்தேன் விடும் என்று பதறுவது அடுத்த தவறு. அது ஆய்வகத்தில் கிடைத்த எண். அதே ஆய்வாளர்கள், கனடாவின் போரியல் ஷீல்டு எனப்படும் காட்டுப் பகுதியில் சம்பு பரவிய ஏரிகள் 50 ஆண்டுகளில் இரட்டிப்பாகலாம், அங்கே ஏரிகளின் மீத்தேன் 73 சதவீதம் கூடலாம் என்றுதான் கணித்தார்கள். வெப்பம் ஏறினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வெப்பம் கரையோரச் செடிகளை மாற்றி, அதன் வழியாகச் சேற்றின் வேதியியலையும் மாற்றுகிறது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேற்றில் இருக்கும் வேறு சில பொருள்களையும் மறக்கக் கூடாது. நைட்ரேட், இரும்பு, சல்பேட் இருக்கும்வரை அவற்றைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் உணவைத் தட்டிப் பறித்துக்கொள்ளும்; மீத்தேன் கூட்டத்துக்குக் கடைசிப் பந்திதான். கடலடிச் சேற்றின் மேல் அடுக்கில் மீத்தேன் குறைவாக உண்டாவது சல்பேட்டால். நன்னீர் ஏரிகளில் பொதுவாகச் சல்பேட் சொற்பம். ஆனால் ஆன்டாரியோவில் சட்பரி போன்ற இடங்களில் உலோகம் உருக்கும் உலைகளின் புகை அமில மழையாகி ஏரிகளில் சல்பேட்டைக் கொட்டியது. அங்கே ஓர் ஏரியைப் பார்த்துவிட்டு வடபுலம் முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது.

அப்புறம், சேற்றில் உண்டானதெல்லாம் காற்றுக்கு வந்துவிடாது. நீரில் கரைந்து மெல்ல ஏறும் மீத்தேனை, ஆக்சிஜன் உள்ள அடுக்கில் வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடும். குமிழியாகக் கிளம்புவதோ சட்டென்று தப்பிவிடும். வடகிழக்குச் சைபீரியாவில், உறைமண் உருகி உண்டான ஏரிகளைக் ஆய்வாளர் கேட்டி வால்டரின் குழு ஆராய்ந்து 2006ல் வெளியிட்டபோது, அங்கு வெளியேறும் மீத்தேனில் 95 சதவீதம் குமிழி வழியே என்று தெரிந்தது. கரைந்த வாயுவை மட்டும் அளந்து திரும்பியிருந்தால் கணக்கு என்ன ஆகியிருக்கும்?

அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழாயில் எடுத்த சேற்றை மேலே இழுக்கும்போதே, சோடா பாட்டிலைத் திறந்தது போல, அழுத்தம் குறைந்து வாயு ஓடிவிடும். காற்று பட்டாலோ மீத்தேன் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துக் கையாளாத சேறு மீத்தேன் தரவில்லை என்றால், அதற்குத் துவர்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.