வெட்டுக்காயத்தைக் கழுவிக் கட்டும் முறை

தோல் கிழிந்ததுமே கிருமி உள்ளே போய்விடுகிறது. அதை விழுங்கும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள் பெருமளவில் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் போதும், மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அழுத்த வேண்டியதுதான். ரத்தம் நிற்கவே இல்லை, காயம் வாய் பிளந்து நிற்கிறது என்றால் தையல் வேண்டும், மருத்துவமனைக்குப் போங்கள்.

நின்றதும் குழாய் நீரில் 5 முதல் 10 நிமிடம் காட்டுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீராக இருந்தால் போதும். மண், மரச்சிராய் எதுவும் தங்கக் கூடாது: அந்நியப் பொருள் உள்ளே கிடந்தால் கொஞ்சம் கிருமியே சீழ் பிடிக்கப் போதுமானது. மேலாக இருப்பதைச் சாமணத்தால் எடுங்கள். ஆழக் குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம். பெராக்சைடு பொங்குவதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று நினைக்கிறோம்; ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை உடைப்பதால் வரும் ஆக்சிஜன் நுரைதான் அது. ஆறவைக்கும் செல்களையும் சேர்த்தே அது பொசுக்கும்.

பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவிக் கட்டுங்கள். காயவிட்டால் பொருக்குத் தட்டி, புதுத் தோல் அதற்கடியில் சுற்றி வளைத்து வளர வேண்டியிருக்கும். கட்டைத் தினம் ஒருமுறை மாற்றுங்கள், நனைந்தால் உடனே.

முதல் இரண்டு நாள் ஓரம் சிவந்து, லேசாக வீங்கிச் சுடுவது இயல்பு. ரத்தக்குழாய்கள் விரிந்து வெள்ளையணுக்களுக்கு வழிவிடுகின்றன, அவ்வளவுதான். மூன்றாம் நாளும் வலி ஏறினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் காயம் என்றால் அக்குளிலும், காலில் என்றால் தொடையிடுக்கிலும் நெறி கட்டலாம். காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலேறினால் அன்றே போக வேண்டும்.

டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலிருக்கும் அதன் வித்துகள் காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயத்தில் முளைக்கின்றன. நோயே வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாகாது, அத்தனை சிறிய அளவு நச்சே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே தடுப்பூசிதான் வழி. அடிப்படைத் தவணைகளை முடித்தவர், கடைசி ஊசி போட்டு அழுக்கான காயத்துக்கு 5 ஆண்டு, சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

நாய்க்கடி என்றால் கணக்கே வேறு. சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். ஊசிக்கு உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான், தோல் கிழிந்த கடிக்கு இம்யூனோகுளோபுலின் எனும் தயார்நிலை எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயே போடுகிறார்கள். முன்பே ரேபிஸ் ஊசி போட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.