காளை பாயும்போது காலை வாரும் கார்டுகள்
வாடிவாசலிலிருந்து காளை பாய்கிறது. ஒருவர் திமிலைப் பிடித்துவிட்டார். ஷட்டரை அழுத்திப் பிடித்திருக்கிறேன். படபடவென்று எடுத்துக்கொண்டிருந்த கேமரா திடீரென்று திக்கித் திணறி நின்றுவிட்டது. அடுத்த துள்ளலில் அவர் அந்தரத்தில் பறந்ததை நானும் கூட்டத்தோடு வெறும் கண்ணால்தான் பார்த்தேன். அலங்காநல்லூரிலிருந்து ஊர் திரும்பும் வரை கேமராவைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் தப்பு, மெமரி கார்டு வாங்கிய என்மேல்தான்.

நான் ஏமாந்தது கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்த 170 என்ற எண்ணைப் பார்த்து. அது படிக்கும் வேகம். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினிக்கு மாற்றும்போதுதான் அது உதவும். களத்தில் வேண்டியது எழுதும் வேகம். அதை உறையின் பின்புறம் பொடி எழுத்தில் தேட வேண்டும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. அப்போது வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். வி30 என்றால் தொடர்ந்து பதியும்போது நொடிக்கு 30 எம்.பி.க்குக் கீழே இறங்காது என்று பொருள். வி60, வி90 கணக்கும் இதேதான். ஏ1, ஏ2 என்பவை கைபேசியில் செயலிகள் ஓடுவதற்கான குறிகள். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சரி, கண்ணை மூடிக்கொண்டு வி90 வாங்கிவிடலாமா? அங்கேதான் அடுத்த சறுக்கல். கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதைச் செருகும் இடமான கேமராவின் ஸ்லாட் ஒத்துழைக்க வேண்டும். கார்டும் ஸ்லாட்டும் தரவைப் பரிமாறும் முறைக்கு யு.எச்.எஸ். என்று பெயர். யு.எச்.எஸ். 1 வகையின் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்.பி.; யு.எச்.எஸ். 2 வகைக்கு 312. இரண்டாவது வகைக் கார்டைத் திருப்பிப் பார்த்தால் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். சோனி ஏ6400 கேமராவில் இருப்பது யு.எச்.எஸ். 1 ஸ்லாட். அதில் வி90 கார்டைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான்.

அந்தக் கேமராவையே வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 11 படம், ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) ஒன்று சுமார் 24 எம்.பி. ஆக நொடிக்கு 260 எம்.பி.க்கு மேல் வந்து கொட்டுகிறது. கார்டு வாங்கிக்கொள்வதோ 70, 80. மிச்சமெல்லாம் பஃபரில், அதாவது கேமராவின் தற்காலிக நினைவகத்தில் தேங்கி, நாலைந்து நொடியில் அது நிரம்பிவிடும். காலியாகப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் இரண்டு காளை போயிருக்கும். இப்படிப்பட்ட ஸ்லாட் உள்ளவர்கள் விலை உயர்ந்த கார்டைத் தேடுவதைவிட அளவில் சிறிய ஜேபெக் கோப்புக்கு மாறலாம், அல்லது குட்டிக் குட்டித் தொடர்களாகச் சுடப் பழகலாம்.

இரண்டு ஸ்லாட் இருந்தாலும் கவனம் வேண்டும். சோனி ஏ7 மூன்றாம் மாடலில் முதல் ஸ்லாட் மட்டுமே யு.எச்.எஸ். 2. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியச் சொன்னால் மெதுவானது வேகமானதையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். கல்யாண வீட்டுக்கு அந்த இரட்டைப் பதிவு அவசியம். வாடிவாசலில் நான் அதை அணைத்துவிடுகிறேன்.

அப்புறம், மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகி இந்த வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். புழுதியில் இன்னொரு தொடுமுனை என்பது இன்னொரு தொல்லை. பாதி விலைக்குக் கிடைப்பவற்றில் போலிகள் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்து, பஃபர் நிரம்பும் வரை சுட்டு, பதிவு விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். போகிக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பொங்கலன்று கார்டு மாற்றப் போனால் கடை பூட்டியிருக்கும்.